இட்டுக்கட்டிய பாட்டன்மார்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி இருபது நிமிடம். ரங்கூனின் தாமுவே பகுதியில் எங்கள் மரவீட்டின் கீழ்ப்படியில் நான் முதலில் பார்த்தது ஒரு ஜோடி பழுப்பு நிறப் பூட்ஸ். கயிறுகளை அவிழ்த்து உள்ளே மடித்துவிட்டு, குதிகால்கள் ஒட்டி நிற்கும்படி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் எங்கள் அச்சகத்து மேஸ்திரியின் தோல்செருப்பு. வெள்ளைக்காரர்கள் பூட்ஸைக் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்று ரங்கூன் பத்திரிகைகளில் பத்தி பத்தியாக வாதம் நடந்த காலம் அது. கழற்ற மனமில்லாமல் பகோடா வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிய துரைமார்களைப் பற்றிய செய்திகளுக்கு நானே பிழை பார்த்திருக்கிறேன். அந்த ஊரில், ஒரு வாடகை வீட்டுப் படியில், யாரும் கேட்காமலே ஒருவர் கழற்றி வைத்திருந்தார். யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பூட்ஸை ஆறு ஆண்டுகளாக அச்சகத்தில் எதிர் மேஜைக்கு அடியில் பார்த்துவந்தவன் நான். கையில் மருந்துப் புட்டியோடு படியேறாமல் நின்றேன். உள்ளே என் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளோடு பேசி அன்றைக்கு இருபத்திரண்டு நாட்கள்.

அவர் எங்கள் பத்திரிகையின் தலைமைப் பிழை திருத்துநர். ஐரிஷ்காரர். ராணுவத்தோடு பர்மாவுக்கு வந்து, ராணுவ வேலை முடிந்த பிறகு ஊர் திரும்பாமல் தங்கிவிட்டவர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. அச்சுக்கோக்கும் பர்மியர்கள் அவரை மரியாதையாக ‘சயாஜி’ என்றார்கள், பெரிய ஆசான் என்று பொருள். எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது. சம்பளப் பதிவேட்டில் அவர் பெயர் டிமதி. வீட்டில் அவர் அம்மா கூப்பிட்ட பெயர் தைக். அதற்குக் கவிஞன் என்று பொருளாம். அவர் பாஷையில் எழுதினால் ஐந்து எழுத்து, வாயில் வருவது ஓரசை. பாதி எழுத்துகள் சும்மா நிற்கும் பெயர்கள் அவர் நாட்டில் நிறைய. ராணுவத்தில் பெயர் பதிந்த எழுத்தருக்குத் தைக் என்பது பிடிபடவில்லை, எழுதிக் காட்டினால் படிக்கவும் வரவில்லை. அதனால் அருகில் இருந்த ஆங்கிலப் பெயர் ஒன்றைப் போட்டுவிட்டார். அவர் அம்மா பெயர் கொப்னித். தேனீக்களைக் காக்கும் பெண் துறவி ஒருத்தியின் பெயர் அது. பாதிரியாரின் ஏட்டில் அதை டெபோரா என்று எழுதியிருந்தார்களாம். எல்லோருக்கும் ஏட்டில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. இன்றைக்கு மிங்கலாடோனில் என் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கு ஒரு பர்மியப் பெயரும் வீட்டுக்கு ஒரு தமிழ்ப் பெயருமாக வளர்வதைப் பார்க்கும்போது இது ஒன்றும் அதிசயமில்லை. அன்று எனக்கு அதிசயமாக இருந்தது, ஏனென்றால் அவர் அதைச் சொல்லும்போது குறைபட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பெயர் வைத்திருப்பவனின் மிதப்புதான் இருந்தது.

அவரிடம் கறுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. பிற்பகலில் திருத்தவேண்டிய அச்சுப்படி வரத் தாமதமானால் அதை மேஜைமேல் விரித்து வைத்துக்கொள்வார். ஒரு பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக எட்டுப் பெயர்கள். அவர் நாட்டில் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், இதில் மாற்றமே கிடையாது. அதனால் அவர் வீட்டில் தைக்கின் மகன் டொனகா, டொனகாவின் மகன் தைக் என்று இரண்டு பெயர்கள் மாறி மாறி இறங்கி வந்தன. டொனகா என்றால் பழுப்பு முடிச் சண்டைக்காரன். ஏணியின் உச்சியில் மட்டும் வேறொரு பெயர். நாக்கை மடக்கி அவர் அதைச் சொல்லும்போது எனக்குப் பிடிபட்டது ‘ம்வீல்விரா’ என்பது போல ஒன்று. மேரி மாதாவுக்காக மொட்டையடித்துக்கொண்ட அடியான் என்று பொருள். இந்த எட்டையும் அவர் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும், பென்சிலைச் சீவிக்கொண்டே சொல்லுவார். ஊரில் அவரைக் குடும்பப் பெயரால் யாரும் கூப்பிட்டதில்லையாம். தைக் டொனகா தைக் என்றுதான் கூப்பிடுவார்களாம். அப்பாவும் தாத்தாவும் பின்னாலேயே நடந்து வருவது போல.

எனக்கு அது தாங்கவில்லை. பொறாமை என்று அப்போது பெயர் வைக்கவில்லை. அவருடைய ஆங்கிலத்தின் மீது எனக்குப் பொறாமை இல்லை, என் ஆங்கிலம் அதற்குக் குறைந்ததல்ல. சம்பளம், நாற்காலி, மின்விசிறிக்கு நேர்கீழே இருந்த இடம் இவையும் என்னை உறுத்தவில்லை, அவை வெள்ளைக்காரர்களுக்கு என்று ஏற்கெனவே தீர்ந்துபோனவை. அந்த எட்டு வரிகள்தான் உறுத்தின. என் அப்பாவுக்கு என் பெயரில் கிடைத்திருந்த இடம் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும். அப்பாவுக்கு அப்பா யார் என்று எனக்குத் தெரியாது. கெமண்டைனில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர் என் அப்பா. எனக்கு நான்கு வயதில் இறந்துபோனார். அவரோடு கப்பலேறி வந்தவர்கள் யாரும் மிச்சமில்லை. எனக்கு முன்னே பிறந்த அண்ணனுக்குத்தான் தாத்தாவின் பெயரை வைத்திருந்தார்கள். அவன் நடக்கும் முன்பே போய்விட்டான். பயந்துபோய், அடுத்துப் பிறந்த எனக்கு நேர்ந்துகொண்ட சாமியின் பெயரை வைத்துவிட்டார்கள். ஆகவே தாத்தாவின் பெயர் ஒரே ஓர் ஆளிடம் இருந்தது. அது என் அம்மா. அவள் அதைச் சொல்லமாட்டாள்.

மாமனார் பெயரையும் புருஷன் பெயரையும் வாயால் சொல்லாத பெண்களை இதைப் படிப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அது ஓர் இழையும் தளரவில்லை. ஆஸ்பத்திரியில் புருஷன் பெயரைக் கேட்டால் அம்மா பக்கத்தில் நிற்பவளைப் பார்ப்பாள், அவள் சொல்லுவாள். என் மகனுக்கு என் அப்பாவின் பெயரை வைத்தேன். அன்றிலிருந்து அந்தப் பிள்ளையை வீட்டில் இருந்த இரண்டு பெண்களும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவன் அம்மாவுக்கு அது மாமனார் பெயர், பாட்டிக்குப் புருஷன் பெயர். ‘ராசு’ என்பார்கள். பள்ளியில் பெயர் சொல்லி அழைத்தபோது அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்று வாத்தியார் குறை சொன்னார்.

ஒரு நாள், அச்சுப்படி வராத பிற்பகல் ஒன்றில், சயாஜி தன் குடும்பப் பெயரின் முன்னால் நிற்கும் ‘ஓ’ என்ற எழுத்தைப் பற்றிச் சொன்னார். ராணுவப் பதிவில் அதை விட்டுவிட்டார்கள். அயர்லாந்தில் சண்டையும் தந்திகளுமாக இருந்த அந்த வருஷங்களில் அவர் அதை மறுபடியும் போட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தார். ஓ என்றால் பேரன் என்று பொருளாம். இன்னாரின் பேரன். ‘உலகத்தில் வேறு யார் தாத்தாவைத் தலையில் சுமந்துகொண்டு நடக்கிறார்கள்?’ என்றார். கர்வமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுரீரென்றது. எங்கள் பாஷையில் அதற்குத் தனி எழுத்துத் தேவையில்லை சார் என்றேன். பேரன் என்ற சொல்லே பெயரை உடையவன் என்பதுதான், தாத்தாவின் பெயர் எவனுக்கோ அவன் பேரன் என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, ‘உங்களுக்கு மகன் இருக்கிறான், அல்லவா?’ என்று மட்டும் கேட்டார். அவருக்கு ஆண் உடன்பிறப்புகள் இல்லை, அடுத்த டொனகா வரவேண்டிய ஒன்பதாம் வரி காலியாக இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஆம் என்று சொன்னேன். அந்த ஒரு பிற்பகல் என் பொறாமை இடம் மாறி எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் நல்ல சந்தோஷம் அல்ல.

அது நீடிக்கவும் இல்லை. அவர் நோட்டில் புதிய பக்கத்தைத் திருப்பி, ‘உங்கள் வீட்டுப் பெயர்களைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்’ என்றார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். எழுதினார். ‘அவருடைய அப்பா?’ பென்சில் தாளின் மேல் காத்திருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் வீரசிங்கம் என்றேன். அதற்கு மேல்? ரணசூரன். அதற்கு மேல் கவிராயன், அதற்கும் மேல் ராஜகேசரி. பொருளும் கேட்டார், சொன்னேன்: சிங்கம், போர்வீரன், கவிஞன், அரசன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்லச் சொல்லி, தன் நாக்கில் வைத்துப் பார்த்து, அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். கவிராயனிடம் வந்தபோது, ‘அப்படியென்றால் அவரும் ஒரு தைக்’ என்று சிரித்தார். நாள் முழுக்க மற்றவர்களின் பொய்களில் எழுத்துப் பிழை பார்க்கிறவன் நான். என் பொய் ஒரு பிழையும் இல்லாமல் அச்சுக்குத் தயாராக நோட்டில் இருந்தது.

அதே மாதம் அம்மாவுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, வாரக் கணக்கு என்று வெளியே வந்து சொன்னார். அவள் போனால் பெயரும் போய்விடும். அன்று மாலையே கேட்டேன்.

“அம்மா, தாத்தா பேரு என்ன?”

“எந்தத் தாத்தா?”

“அப்பாவைப் பெத்தவர்.”

“அவுக பேரை நான் எப்படிடா சொல்லுவேன்?”

“சொன்னா என்ன ஆயிடும்?”

“ஒண்ணும் ஆவாது. ஆனா சொல்லமாட்டேன்.”

மறுநாள் மறுபடி கேட்டேன். மூன்றாம் நாள் கத்தினேன். ஒரு வெள்ளைக்காரனுக்கு எட்டுத் தலைமுறை தெரிகிறது, எனக்கு ஒன்று தெரியக்கூடாதா என்றேன். “அவனோட அம்மா சொன்னா சொல்லட்டும், அவ ஊரு வேற,” என்றாள். அதற்குப் பிறகு நான் அவளிடம் பேசவில்லை. மருந்தைக் கொண்டுவந்து வைப்பேன், தலையணையைச் சரிசெய்வேன், வாயைத் திறக்கமாட்டேன். சாகக் கிடக்கும் தாயிடம் ஒருவன் இப்படி நடந்துகொள்வானா என்று கேட்டால், நடந்துகொண்டான். என் மனைவி ஒரு நாள், “அந்தப் பேரை வச்சு என்ன அரிசியா வாங்கப் போறீங்க?” என்று கேட்டாள்.

அம்மா படுத்த படுக்கையாக இருப்பதை மேஸ்திரிதான் சயாஜியிடம் சொல்லியிருக்க வேண்டும். மேஸ்திரி நாகூர்க்காரர், அச்சுக்கோப்புப் பகுதியை நடத்தியவர், எவரையும் கேலி செய்யாமல் ஐந்து நிமிடம் இருக்கமாட்டார். அன்று ஞாயிறு, நான் மருந்துக்குப் போயிருந்த நேரத்தில், இருவரும் ஆரஞ்சுப் பழங்களோடு வந்திருந்தார்கள். படியில் நின்றபடி கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சயாஜி காலுறையோடு பாயில் சம்மணமிட முயன்று, ஒரு முழங்கால் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தார். கையில் கறுப்பு நோட்டு. என் வீட்டுப் பெயர்களைப் படித்துக்காட்டி நோயாளியைச் சந்தோஷப்படுத்தலாம் என்று கொண்டுவந்திருக்கிறார்.

“வீரஷிங்கம்,” என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள், இல்லை என்று. “இல்ல தொரை. யாரு அது?”

“ரனஷூரன்.”

“இல்ல.”

“கவிராயன்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து இருமலும் வந்தது. “யாருய்யா இந்த ராசாக்க எல்லாம்? எங்க வீட்டுல மூட்டை தூக்கினவுகதான் உண்டு.”

மேஸ்திரி அதை இந்துஸ்தானியில் சொன்னார். சயாஜி நோட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். அச்சுப்படியும் மூலமும் ஒத்துப்போகாத இடத்தில் அவர் முகம் அப்படித்தான் அசையாமல் நிற்கும். என் காதுகள் சூடேறின. ஆனால் அவர் என்னைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. “அப்படியானால் சரியான பெயர் எது என்று கேளுங்கள்,” என்றார். மேஸ்திரி, “அக்கா சொல்லமாட்டாங்க சயாஜி, மாமனார் பேரு, வாயால சொல்றதில்ல,” என்று விளக்கினார். சயாஜி கோட்டுப் பையிலிருந்து நீளமான அச்சுப்படி ஒன்றை எடுத்தார்.

எங்கள் அச்சகத்தில் அந்த வாரம் ஒரு கோயில் கமிட்டியின் ஆங்கில அறிக்கை அச்சாகிக்கொண்டிருந்தது. நன்கொடை கொடுத்த தமிழர்களின் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் மூன்று நீளத் தாள்கள். அவர் அதை வீட்டில் பார்ப்பதற்காக வைத்திருந்தார். பிழை திருத்தும் இடத்தில் வேலை நடக்கும் விதம் இது: ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், மற்றவர் அச்சுப்படியைப் பார்த்துத் தலையசைப்பார். படிப்பவர் நிறுத்தமாட்டார், பார்ப்பவர் பேசமாட்டார். சயாஜி அம்மாவுக்கு எதிரே தாளைத் தூக்கிப் பிடித்து, படிக்கத் தொடங்கினார்.

ஆதிமூலம். ஆண்டியப்பன். அருணாசலம். எழுத்துக்கும் ஒலிக்கும் சம்பந்தமில்லாத பெயர்களில் பிறந்தவர் எங்கள் பெயர்களை எழுத்தெழுத்தாக நம்பிப் படித்தார். ஆண்டியப்பன் ஆன்டி யாப்பன் ஆனார். சின்னச்சாமிக்கு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். “தொரை, வாயில கூழாங்கல்லு ஏதும் வச்சிருக்கீங்களா?” மேஸ்திரி, “அக்கா, சிரிக்காம கேளுங்க, உங்க மாமனார் போயிடப்போறாரு வரிசையில,” என்றார். கருப்பையா, காத்தமுத்து, லட்சுமணன், மாரிமுத்து. ஒவ்வொன்றுக்கும் அவள் தலை இடவலமாக ஆடியது. முனியாண்டிக்கு ஒரு கணம் தயங்கி, “அது அவுக தம்பி,” என்றாள். படியில் நின்றபடியே எனக்கு ஒரு சின்னப் பாட்டன் கிடைத்துவிட்டார். நாகப்பன், நல்லதம்பி, பழனி, பெருமாள்.

“பிச்சை,” என்றார் சயாஜி.

அம்மாவின் தலை மேலும் கீழும் அசைந்தது. ஒரே ஒரு முறை. சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், மாமனார் வாசலில் வந்து நிற்பது போல.

மேஸ்திரி பொருள் சொன்னார்: பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், இதையாவது விட்டுவை என்று சாமியிடம் கையேந்தி வாங்கிய பிள்ளைக்கு வைக்கும் பெயர். சயாஜி அதை இருமுறை சொல்லிப் பார்த்தார். மொட்டையடித்த அடியானின் பெயர் தன் ஏணியின் உச்சியில் இருப்பதை அவர் சொல்ல, மேஸ்திரி அதைத் தமிழில் சொல்ல, அம்மா, “அவுக ஊருலயும் மொட்டை போடுவாங்களா?” என்று கேட்டாள். அப்போதுதான் நான் உள்ளே போனேன். அம்மா என்னைப் பார்த்து, இருபத்திரண்டு நாட்கள் நடக்காதது போல, “வாடா. உங்க தாத்தன் பேரு தொரைக்குத் தெரிஞ்சுபோச்சு,” என்றாள். மேஸ்திரி, “தம்பி குடுத்த ராசாக்க எல்லாரும் பிழையாப் போயிட்டாங்க,” என்றார். சயாஜி எழுந்து நின்று, மாலை வணக்கம் சொல்லி, மருந்தை எத்தனை வேளை கொடுக்கிறீர்கள் என்று விசாரித்தார்.

நன்றி சொல்லவேண்டிய இடம். எத்தனை வேளை என்பதை மட்டும் சொன்னேன். எனக்கு வேண்டிய பெயர் கிடைத்துவிட்டது, அதுவும் அவள் இருக்கும்போதே. ஆனால் அதைக் கேட்டு வாங்கியவர் அவர். ஆறு ஆண்டுகளாகத் தினமும் அதே முறையில் வேலை செய்தவன் நான், ஒருவர் படிக்க ஒருவர் தலையசைக்க. ஒரு தாளை எடுத்து அம்மாவின் எதிரே உட்கார்ந்து படிக்க எனக்குத் தோன்றவில்லை. அவள் சொல்லவேண்டும் என்றே கேட்டேன், ஏனென்றால் அவருடைய அம்மா சொல்லியிருந்தாள். அவருக்கு எட்டுப் பேர் இருந்ததை ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எனக்கு இருந்த ஒரே பெயரையும் அவர் வாயிலிருந்து நான் கேட்கவேண்டி வந்ததையும், என் அம்மாவின் கடைசிச் சிரிப்பு அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது வந்ததையும் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை என் மேஜையில் மையொற்றியின் கீழ் ஒரு சீட்டு இருந்தது. நோட்டிலிருந்து கிழித்த பக்கம். வீரசிங்கத்தின் மேல் ஒரு கோடு, ஓரத்தில் நீக்கற்குறி. ரணசூரன், கவிராயன், ராஜகேசரி மூவருக்கும் அதே கோடு, அதே குறி. வீரசிங்கத்துக்கு நேரே ஓரத்தில் ‘பிச்சை’ என்று ஆங்கில எழுத்தில். அடியில் அவர் சுருக்கொப்பம், திருத்தி முடித்த அச்சுப்படிகளில் போடுவது போல. அவர் எதிரே உட்கார்ந்து அன்றைய தந்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. பொய் சொன்னதற்காக ஒரு வார்த்தை அவர் கடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அம்மா அதற்குப் பின் பத்தொன்பது நாட்கள் இருந்தாள். நான் அவளோடு பேசினேன், முனியாண்டியைப் பற்றிக் கேட்டேன், அவர் கள்ளுக் குடித்துவிட்டுக் கிணற்றில் விழுந்த கதையைச் சொன்னாள். தாத்தாவைப் பற்றிக் கேட்டால், “அவுக” என்று தொடங்கிச் சொல்லுவாள். ஒரு முறை நான் அவள் முன்னால் அந்தப் பெயரைச் சொன்னேன். “மெதுவாச் சொல்லு,” என்றாள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்த என் இரண்டாவது மகனுக்கு அதை வைத்தேன். என் மனைவி அவனைச் ‘சின்னராசு’ என்றாள்.

சயாஜி அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே வேலையை விட்டார். அயர்லாந்தில் விதவையாகிவிட்ட தங்கை ஒருத்தி வரச்சொல்லி எழுதியிருந்தாள். மூன்று மணிக்குக் கப்பல். மேஸ்திரியும் அச்சுக்கோப்பவர்களும் மதியமே துறைமுகத்துக்குப் புறப்பட்டார்கள். பர்மியர்கள் அவருக்கு ஒரு பட்டு லுங்கி வாங்கியிருந்தார்கள். “தம்பி, வரலியா?” என்று மேஸ்திரி வாசலில் நின்று கேட்டார். வேலை இருக்கிறது என்றேன்.

அச்சுக்கோப்பவர்கள் எல்லோரும் போய்விட்டதால் அன்று பிற்பகல் பிழை பார்ப்பதற்கு ஓர் அச்சுப்படியும் வரவில்லை.